புடோக்வாய்: லண்டன் ஜூடோ கழகம் ஒன்றின் வரலாறும் கொள்கையும்

ஐரோப்பாவில் இன்றும் இயங்கிவரும் ஜூடோ கழகங்களுள் மிகப் பழமையானது லண்டனிலுள்ள புடோக்வாய். முதல் உலகப் போர் முடியாதிருந்த 1918ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், விக்டோரியா ரயில் நிலையத்துக்கு அருகே லோயர் குரோவ்னர் பிளேஸில் 15ஆம் எண் கட்டடத்தில் அது திறக்கப்பட்டது. ஒரு விளையாட்டுக் கழகம் நூறாண்டுக்கு மேல் நிலைத்திருப்பது இங்கிலாந்தில் அரிய செய்தியன்று; அங்கே அதைவிட மூத்த கால்பந்துக் கழகங்களும் படகுக் கழகங்களும் பல உண்டு. ஆனால் புடோக்வாய் அந்த மண்ணில் பிறக்காத ஒரு கலைக்காக, அந்நாட்டவர் அல்லாத ஒருவரால் தொடங்கப்பட்டது. இடையே அந்தக் கலையின் தாய்நாடும் கழகம் இருந்த நாடும் எதிரெதிர் அணிகளில் நின்று போரிட்டன. பின்னர் அந்தக் கலையே ஒலிம்பிக் விளையாட்டாக மாறி, கழகத்தைத் தொடங்கியவர்கள் எண்ணியிராத விதிகளுக்கு உட்பட்டது. இவ்வளவையும் கடந்து அது நிற்பதால்தான் ஆய்வுக்கு உரியதாகிறது.

ஜூடோ கழகம் ஒன்றின் கொள்கையை அறிய விரும்புவோர் வழக்கமாக அதன் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் வாசகங்களையும் நிறுவனரின் உரைகளையும் நாடுவார்கள். அவை போதா என்பது என் கருத்து. கட்டடத்துக்கு யார் பணம் தருகிறார்கள், தரத்தை யார் வழங்குகிறார்கள், மூத்தவர் யாரோடு பயிற்சி செய்கிறார், நிறுவனர் விலகிய பின் கூடம் யாருடையதாகிறது என்ற கேள்விகளுக்குக் கழகம் அளிக்கும் விடைகளில்தான் அதன் உண்மையான கொள்கை இருக்கிறது. புடோக்வாயின் வரலாற்றை அந்தக் கேள்விகளோடுதான் இங்கே படிக்கிறேன்.

மேடையிலிருந்து கூடத்துக்கு

கழகத்தை நிறுவிய குஞ்சி கொய்சுமி 1885 ஜூலை 8 அன்று டோக்கியோவுக்கு வடக்கே இருந்த ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதில் பள்ளியில் கென்டோ என்னும் வாள்பயிற்சியைக் கற்றார். பின்னர் தந்தித் துறையில் பயிற்சி பெற்று, ஜூஜுட்சு என்னும் பழைய ஜப்பானிய வெறுங்கைச் சண்டைமுறையையும் கற்று, மின்னியல் படிக்கும் ஆசையோடு மேற்கு நோக்கிப் புறப்பட்டார். சிங்கப்பூர் உள்ளிட்ட கிழக்குத் துறைமுகங்கள் வழியாக 1906 மே மாதம் வடக்கு வேல்ஸில் கரையிறங்கினார். 1907இல் நியூயார்க்குக்குச் சென்று, 1910இல் மீண்டும் லண்டனுக்கு வந்து தங்கிவிட்டார். அவருக்கு வாழ்வளித்தது அரக்குப் பூச்சு வேலை. ஜப்பானிய அரக்குப் பொருள்களைச் செய்யவும் பழுதுபார்க்கவும் ஒரு கூடம் நடத்தினார். அத்துறையில் அவர் பெற்ற புலமை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவரிடம் ஆலோசனை கேட்கும் அளவுக்கு வளர்ந்தது. 1923இல் அரக்குக் கலை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இந்தத் தொழில் விவரம் ஆய்வுக்குப் புறம்பானதன்று. ஜூடோ கற்பித்து வயிறு கழுவ வேண்டிய நிலை கொய்சுமிக்கு இருந்ததில்லை. கழகம் எடுத்த வடிவத்துக்கு அதுவே முதல் காரணம்.

அவருக்கு முன் இங்கிலாந்துக்கு வந்த ஜப்பானிய வீரர்களின் நிலை வேறு. யூக்கியோ தானி 1900ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், பார்ட்டன் ரைட் என்பவர் நடத்திய தற்காப்புப் பள்ளிக்காக லண்டனுக்கு அழைக்கப்பட்டார். அந்தப் பள்ளி நிலைக்கவில்லை. தானி கேளிக்கை அரங்குகளின் மேடைக்குப் போனார். பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் மேடையேறி, ஜூஜுட்சு மேலங்கியை அணிந்து, குறிப்பிட்ட நிமிடங்கள் அவர் முன் தாக்குப்பிடித்தால் பரிசுப்பணம் பெறலாம் என்பது ஏற்பாடு. தம்மைவிட மிகுந்த எடைகொண்ட மல்லர்களையும் உழைப்பாளிகளையும் உருவத்தில் சிறியவரான தானி இரவுக்கு இரவு பணியவைத்தார். ஆங்கில மக்களிடையே ஜூஜுட்சு மோகத்தை உண்டாக்கியவர் அவரே. அந்த மோகத்தின் ஒரு கிளையாக, பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் எடித் காரூட் என்ற ஆசிரியை தலைவியரின் மெய்க்காவல் பெண்களுக்கு ஜூஜுட்சு கற்பித்தார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

ஆனால் மோகம் தணிந்ததும் எதுவும் மிஞ்சவில்லை. அக்காலப் பள்ளிகள் ஒரு வல்லுநரின் பெயரை நம்பியவை. அவர் ஊருக்குத் திரும்பினாலோ மேடைப் பயணம் போனாலோ பள்ளி மூடப்படும், அல்லது கைமாறும். தானியும் தாரோ மியாக்கேயும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் நடத்திய பள்ளி சில ஆண்டுகளே நீடித்தது. மாணவர் அங்கே கட்டணம் செலுத்தி உத்தி வாங்குபவராக இருந்தார். கூடத்தின் எதிர்காலத்தில் அவருக்குப் பங்கில்லை.

கொய்சுமி இதற்கு மாறான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். கட்டடத்தைத் தம் சொந்தப் பணத்தில் அமர்த்தி, உறுப்பினர்களைக் கொண்ட கழகமாக அதை அமைத்தார். தொடக்கத்தில் அங்கே ஜூஜுட்சுவும் கென்டோவும் பிற ஜப்பானியக் கலைகளும் ஒன்றாக இடம்பெற்றன. பிரிட்டனில் வாழ்ந்த ஜப்பானியருள் தொல்லையில் சிக்கியவர்களுக்கு உதவும் சங்கம் ஒன்றும் அதே கட்டடத்தில் இயங்கியது. முதல் தலைமைப் பயிற்றுநராகத் தானி அமர்த்தப்பட்டார். மேடையில் பணத்துக்காக மோதிய ஒருவர், வாரம்தோறும் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து விழுந்தெழும் ஒரு கூடத்துக்கு ஆசிரியரானது தானியின் வாழ்க்கையில் பெரிய திருப்பம். அவரை அந்தத் திருப்பத்துக்குக் கொண்டுவந்தது கொய்சுமியின் பெருந்திறன் என்றே எண்ணுகிறேன்.

1920: பிறர் மரபை ஏற்ற முடிவு

கழகத்தின் வரலாற்றில் மிகக் கனமான முடிவு அது பிறந்து இரண்டரை ஆண்டுகளில் எடுக்கப்பட்டது. 1920 ஜூலையில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ லண்டனுக்கு வந்தார். 1909 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்றிருந்த முதல் ஆசியரான அவர், ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வழியில் வந்திருந்தார். அவருடன் வந்தவர் ஹிக்கோயிச்சி அய்டா; கானோவின் ஜூடோ பள்ளியான கொடோகானின் வீரர்.

கானோ 1882இல், இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே, டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் கோயிலில் 12 தத்தாமிப் பாய்கள் விரித்த அறையில் கொடோகானைத் தொடங்கியவர். முதல் ஆண்டில் அவரிடம் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். பழைய ஜூஜுட்சு மரபுகளிலிருந்து உயிருக்கு ஆபத்தான உத்திகளைத் தனியே பிரித்து வரையறுத்த கட்டா வடிவங்களுக்குள் வைத்துவிட்டு, முழுவிசையோடு தடையின்றிப் பயிலக்கூடிய எறிதல்களையும் பிடிகளையும் ரண்டோரி என்னும் தடையிலாப் பயிற்சிக்கு ஒதுக்கினார். எதிரியின் சமநிலையைக் குலைத்தல், தன் உடலை அதற்கேற்பப் பொருத்துதல், எறிதல் என ஒவ்வோர் எறிதலையும் மூன்று கட்டங்களாகப் பிரித்து விளக்கியது அவருடைய கல்விமுறையின் அடித்தளம். அவர் உடற்கல்வி ஆசிரியர் மட்டுமல்லர். டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டு பணியாற்றிய கல்வியாளர்.

கானோவின் வருகையின் முடிவில் கொய்சுமியும் தானியும் கொடோகான் ஜூடோவுக்கு மாறச் சம்மதித்தார்கள். இருவருக்கும் இரண்டாம் டான், அதாவது கறுப்பு பெல்ட் தரங்களில் இரண்டாம் படி, வழங்கப்பட்டது. அய்டா சில காலம் லண்டனில் தங்கிப் புதிய முறையைக் கற்பித்தார்.

இந்தச் செய்தி பொதுவாக ஒரே வரியில் சொல்லப்பட்டுவிடுகிறது. அதில் அடங்கியிருப்பது என்ன என்பதை நின்று பார்க்க வேண்டும். தானி பல ஆண்டுகள் பொதுமேடையில் வென்று பெயர் பெற்றவர். பிரிட்டனில் ஜூஜுட்சு என்றாலே அவர் முகம்தான். அத்தகையவர் வேறொருவரின் ஏணியில் இரண்டாம் படியில் நிற்க ஒப்புக்கொண்டார். கொய்சுமியோ சொந்தக் கூடமும் சொந்த மாணவரும் உடையவர். தம் பெயரில் தனி மரபு ஒன்றைத் தொடங்கியிருந்தால் ஐரோப்பாவில் அன்று அவரைத் தடுப்பாரில்லை. ஆயினும் தம்மைவிடத் தெளிவான ஒரு முறையைக் கண்டதும் அதை ஏற்றார். கழகத்தின் பெயரும் நிர்வாகமும் மாறவில்லை. கற்பிக்கும் பொருள் மாறியது. தாம் அறிந்ததைவிட மேலானது ஒன்று உண்டு என்று ஆசிரியர்களே தம் மாணவர்களுக்கு முன்னால் ஒப்புக்கொண்ட இந்தச் செயலைவிடப் பெரிய கொள்கை அறிக்கை புடோக்வாயின் வரலாற்றில் இல்லை.

காலமும் பொருந்தி வந்தது. கானோ தம் இரு முதன்மைக் கொள்கைகளையும், அதாவது உள்ளத்தின் ஆற்றலையும் உடலின் ஆற்றலையும் மிகச் சிறந்த பயன் விளையும்படி செலவிடுதல், தானும் பிறரும் சேர்ந்து செழித்தல் என்ற இரண்டையும், 1922இல் கொடோகான் பண்பாட்டுச் சங்கத்தை அமைத்தபோதுதான் முறைப்படி அறிவித்தார். ஆகவே லண்டன் கழகம், ஜூடோ ஒரு சண்டைமுறை என்ற நிலையிலிருந்து வாழ்க்கைக் கொள்கை என்ற நிலைக்கு நகர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதற்குள் வந்து சேர்ந்தது.

விரிப்பின் மேல் கொள்கை

அந்த இரு கொள்கைகளும் பேச்சில் எளிதாக உருண்டோடுபவை. பயிற்சிக்கூடத்தில் அவை என்னவாக உருவெடுக்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஜூடோவை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எறிபவர் மட்டுமே தெரிகிறார்.

புதிதாகச் சேர்பவர் முதலில் கற்பது உக்கேமி என்னும் விழும் முறை. பின்னால், பக்கவாட்டில், முன்னால் உருண்டு விழுவதும், விழும் கணத்தில் கையால் விரிப்பை அறைந்து அதிர்ச்சியைச் சிதறடிப்பதும், தலை தரையில் படாதபடி மோவாயை மார்போடு ஒடுக்குவதும் பல வாரங்கள் பயிற்றுவிக்கப்படும். எறிதலைக் கற்கும் முன் விழுதலைக் கற்க வேண்டிய காரணம் பாதுகாப்பு மட்டுமன்று. விழத் தெரியாதவர் இறுகிப்போய் நிற்கிறார். இறுகியவரை எறிந்து பழக முடியாது. ஆகவே விழத் தெரியாதவரோடு பயிலும் எவரும் வளர முடியாது. தன் உடலை எறிவதற்கு இன்னொருவருக்குத் தருபவர் இல்லாவிட்டால் ஜூடோ என்ற கலையே இல்லை. பரஸ்பர நலம் என்று கானோ சொன்னது இந்த உடல்சார்ந்த உண்மையிலிருந்து பிறந்தது என்று கொள்வதே சரி. எறிந்தவர் எதிராளியின் கைப்பகுதியை விடாமல் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு அவரை மெதுவாக இறக்குவது, அடுத்த முறை எறிவதற்கும் அவர் வேண்டும் என்பதால்தான்.

ரண்டோரியில் இதைவிட நுட்பமான ஒன்று நிகழ்கிறது. அதற்கு நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை. மூத்தவர் இளையவரோடு பயிலும்போது முழுவலிமையையும் காட்டினால் இளையவர் எதையும் கற்கமாட்டார். சற்றும் எதிர்க்காமல் விழுந்தால் அப்போதும் கற்கமாட்டார். இளையவரின் உத்தி சரியாக அமைந்த கணத்தில் மட்டும் விழுந்து, அமையாதபோது நின்று, எது சரி என்பதைத் தம் உடலாலேயே மூத்தவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்குப் பல்லாண்டுத் திறனும் பெருந்தன்மையும் வேண்டும். தொழில்முறைப் பள்ளியில் மூத்த மாணவருக்கு இதைச் செய்ய வேண்டிய கடமை ஏதுமில்லை. கழகமாக இருந்தால் உண்டு. இன்று அவரால் தூக்கிவிடப்படும் இளையவர்தாம் நாளை அவரோடு மோதத்தக்க துணையாவார். உறுப்பினர் கழகம் என்ற நிர்வாக வடிவமும் சேர்ந்து செழித்தல் என்ற கொள்கையும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன. கொய்சுமி இதைத் தெரிந்தே அமைத்தாரா என்று வாதிடுவதைவிட, அமைப்பு அவ்வாறு வேலை செய்தது என்று சொல்வது போதும்.

ஆற்றலை வீணாக்காமை என்ற முதல் கொள்கைக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. தள்ளுபவரை இழுத்தும் இழுப்பவரைத் தள்ளியும் எறிவது எல்லாரும் அறிந்த உதாரணம். கானோ அதை உணவு, படிப்பு, பேச்சு, பொதுவாழ்வு என எல்லாவற்றுக்கும் நீட்டினார். தாக்குதலும் தற்காப்பும் ஜூடோவின் கீழ்ப்படி, உடலையும் மனத்தையும் வளர்ப்பது நடுப்படி, அவ்வாறு வளர்த்த ஆற்றலைச் சமூகத்துக்குச் செலவிடுவது மேற்படி என்பது அவர் வகுத்த வரிசை.

தரநிலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டான் தரம் 1883இல் கொடோகானின் முதல் மாணவர்களான ட்சுனெஜிரோ தொமித்தா, ஷிரோ சைகோ இருவருக்கும் முதன்முதலாக வழங்கப்பட்டது. இன்று பல நாடுகளிலும் காணும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீல பெல்ட் வரிசை ஐரோப்பிய மண்ணில் பரவிய வழக்கம். அடிக்கடி கிடைக்கும் சிறு படிகள் மேலை மாணவரைக் கூடத்தில் நிறுத்திவைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பெல்ட்டைத் துரத்தும் மனப்பான்மையையும் அவையே வளர்த்தன.

பெண்களின் இடம்

புடோக்வாயில் தொடக்க காலத்திலிருந்தே பெண்கள் பயின்றார்கள். அவர்களுள் சாரா மேயர் என்னும் நாடகக் கலைஞர் 1930களின் நடுவில் ஜப்பானுக்குச் சென்று கோபே, கியோட்டோ, டோக்கியோ நகரங்களில் பயின்றார். அங்கே பெண்களுக்கான பிரிவில் மென்மையான பயிற்சியும் கட்டாவும் மட்டுமே முறை என்றிருந்த காலத்தில், அவர் ஆண்களோடு ரண்டோரி செய்தார். 1935இல் ஜப்பானில் கறுப்பு பெல்ட் பெற்ற முதல் அயல்நாட்டுப் பெண்ணானார். அங்கிருந்து அவர் தம் ஆசிரியர் கொய்சுமிக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு மாணவி தூரதேசத்திலிருந்து தன் பயிற்சியை ஆசிரியருக்கு விவரித்து எழுதும் உறவு கழகத்தில் இருந்தது என்பதற்கு அவை சான்று.

எனினும் இதை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. பெண்களின் போட்டி ஜூடோவுக்கு வழிதிறக்க ஐரோப்பாவும் உலகமும் இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டன. பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி 1980இல் நியூயார்க்கில் நடந்தது. ஒலிம்பிக்கில் அவர்கள் பதக்கத்துக்காகப் போட்டியிட்டது 1992 பார்சிலோனாவில்தான். இவ்வளவு காலம் காத்திருக்க வைத்த அமைப்புகளுள் புடோக்வாய் பெற்றெடுத்த அமைப்புகளும் அடங்கும்.

போரும் கைமாற்றமும்

கானோ 1933இல் மீண்டும் லண்டனுக்கு வந்தபோது ஜூடோவுக்கு உலக அமைப்பு ஒன்று வேண்டும் என்ற பேச்சு நடந்தது. 1936இல் அவரோடு நிகழ்ந்த ஓர் உரையாடலைக் கொய்சுமி பின்னர் பதிவுசெய்தார். ஒலிம்பிக்கில் ஜூடோவைச் சேர்ப்பது பற்றித் தாமாக முயற்சி எடுக்க விருப்பமில்லை என்றும், பிற நாடுகள் விரும்பினால் மறுப்பதற்கில்லை என்றும் கானோ கூறினார். ஜூடோ வெறும் விளையாட்டன்று, வாழ்வின் நெறி என்பது அவர் சொன்ன காரணம். ஒலிம்பிக்கில் ஏறிப்போயிருந்த தேசிய வெறி, போட்டியை மட்டும் நோக்கமாகக் கொண்ட ஒரு ஜூடோவை வளர்த்து, கொடோகானுக்கு முந்தைய நிலைக்கே கலையைப் பின்தள்ளிவிடும் என்று அவர் அஞ்சினார். ஒலிம்பிக் இயக்கத்துக்கே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த ஒருவர் இதைச் சொன்னார் என்பதால் இதற்குத் தனி எடை உண்டு. 1938 மே 4 அன்று, கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில், ஹிக்காவா மாரு கப்பலில் கானோ இறந்தார்.

இதற்கு முந்தைய ஆண்டு தானிக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அதன் பின்னும் அவர் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தபடி கற்பித்தார். 1950 ஜனவரியில் இறக்கும்வரை அது தொடர்ந்தது. ஒரு கழகம் தன் முதல் ஆசிரியரைக் கடைசிவரை ஆசிரியராகவே வைத்திருந்தது என்ற செய்தியை நான் பதக்கப் பட்டியல்களுக்கு மேலாக மதிக்கிறேன்.

போருக்குப் பிந்தைய புடோக்வாயை உருவாக்கியவர் ட்ரெவர் லெகெட். 1914இல் பிறந்த அவர் இளமையில் தானியிடம் பயின்று, ஜப்பானில் கொடோகானில் தேர்ந்து, போர் மூண்டபோது டோக்கியோவில் காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் திருப்பி அனுப்பப்பட்டவர். போருக்குப் பின் பிபிசியின் ஜப்பானிய ஒலிபரப்புக்குத் தலைவராக இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்தார். தமிழ் வாசகர்கள் கவனிக்கத்தக்க இன்னொரு பக்கமும் அவருக்கு உண்டு: ஹரி பிரசாத் சாஸ்திரியிடம் அத்வைதம் பயின்று, சங்கரர் பெயரில் வழங்கும் யோகசூத்திர விவரணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவரே. கடும் பயிற்சியாளராகப் பெயர்பெற்ற அவர், நம்பிக்கையளித்த இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் ஜப்பானுக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்து திரும்பிய தலைமுறையின் துணையோடு பிரிட்டன் 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பிய அணிப்பட்டத்தை வென்றது.

இந்த வெற்றியை ஆராய்வோர் லெகெட்டின் கண்டிப்பைப் பேசுவார்கள். நான் கொய்சுமியின் ஒதுங்குதலையும் சேர்த்துப் பேசுவேன். நிறுவனர் உயிரோடும் மதிப்போடும் இருக்கும்போதே பயிற்சியின் தலைமை வேறொருவருக்கு, அதுவும் ஜப்பானியர் அல்லாத ஒருவருக்கு, கைமாறியது. பிறர் வளர இடம்விட்டு ஒதுங்கும் நிறுவனர்கள் தற்காப்புக் கலைகளின் உலகில் மிகக் குறைவு.

இயற்பியலாளரும் பின்னாளில் தம் பெயரால் வழங்கும் உடலசைவுக் கல்விமுறையை உருவாக்கியவருமான மோஷே ஃபெல்டன்கிரைசும் போருக்குப் பின் லண்டனில் வாழ்ந்தபோது இந்தக் கழகத்தோடு நெருக்கமாக இருந்தார். அவருடைய ஜூடோ நூலுக்கு முன்னுரை தந்தவர் கொய்சுமி.

கழகம் பெற்ற அமைப்புகள்

1948 ஜூலை 24 அன்று கொய்சுமியின் தலைமையில் கூடிய கூட்டத்தில் பிரிட்டிஷ் ஜூடோ சங்கம் உருவானது. நான்கு நாள் கழித்து, லண்டன் ஒலிம்பிக் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஐரோப்பிய ஜூடோ ஒன்றியம் அதே நகரில் அமைந்தது. 1951 ஜூலையில் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பும் லண்டனில்தான் பிறந்தது. அடுத்த ஆண்டு ஜப்பான் சேர, கானோவின் மகன் ரிசெய் கானோ தலைவரானார். 1954இல் புடோக்வாய் தென் கென்சிங்டனில் கில்ஸ்டன் சாலையில் இன்றும் இருந்துவரும் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அமைப்புகளைப் பெற்றதால் கழகத்தின் கையிலிருந்த அதிகாரம் மெல்ல அமைப்புகளுக்குப் போனது. ஒரு கூடத்தின் உறுப்பினர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டவை நாடளாவிய விதிகளாயின. அந்த விதிகளை எல்லாரும் ஏற்கவும் இல்லை. 1955இல் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டு வந்த கென்ஷிரோ அபே, போட்டி மனப்பான்மை மிகுந்துவிட்டதாகக் கருதி, 1958இல் பிரிட்டிஷ் ஜூடோ கவுன்சிலைத் தனியாகத் தொடங்கினார். அதைப் பின்னர் வழிநடத்திய மசுதாரோ ஒத்தானி, புடோக்வாயில் தானியிடம் பயின்றவர். கானோ அஞ்சியதைச் சொல்லி ஒரு தரப்பு விலகியது. கானோவின் உலகளாவிய நோக்கைச் சொல்லி இன்னொரு தரப்பு நின்றது. இருவரும் தத்தம் வழியில் உண்மையானவர்களே. ஆனால் கழகங்கள் பிரிந்ததால் ஒரே நகரில் ஒருவரோடொருவர் பயின்றிருக்க வேண்டிய பலர் பயிலாமல் போனார்கள் என்பது உண்மையான இழப்பு.

1956இல் டோக்கியோவில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியில் எடைப்பிரிவுகள் இல்லை. 1961இல் பாரிசில் நெதர்லாந்தின் ஆண்டன் கேசிங்க் ஜப்பானியரை வென்று பட்டம் பெற்றதும் எடைப்பிரிவுக்கான குரல் வலுத்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ மூன்று எடைப்பிரிவுகளோடும் ஒரு திறந்த பிரிவோடும் இடம்பெற்றது. சிறியவர் பெரியவரை வெல்வதைக் காட்டித்தான் தானி லண்டனை வியக்கவைத்தார். அறுபது ஆண்டுகளில் சிறியவர் சிறியவரோடும் பெரியவர் பெரியவரோடும் மோதுவதே முறையாயிற்று. போட்டி நியாயம் என்ற வகையில் அதைக் குறைசொல்ல இயலாது. கூடத்தில் மட்டும் இன்றும் எடை பாராமல் இணைசேர்ந்து பயில முடிகிறது.

கொய்சுமி 1965 ஏப்ரல் 15 அன்று 79ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டில் சர்வதேசக் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சார்ல்ஸ் பால்மர், புடோக்வாயில் ஜூடோ கற்றவர். அவர் 1979 வரை அப்பொறுப்பில் இருந்தார். கழகத்தில் பயின்ற நீல் ஆடம்ஸ் 1980, 1984 ஒலிம்பிக்குகளில் வெள்ளிப் பதக்கமும் 1981இல் உலகப் பட்டமும் பெற்றார். ரே ஸ்டீவன்ஸ் 1992இல் வெள்ளி வென்றார்.

மதிப்பீடு

புடோக்வாயின் முன்மாதிரியை அப்படியே வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. நிறுவனரின் சொந்தப் பணமும் வேறு தொழிலிலிருந்து வந்த வருவாயும் அதன் தொடக்கத்துக்குத் துணைநின்றன. ஊதியமில்லாத் தொண்டு என்ற இலட்சியம், பிழைப்புக்கு வேறு வழியுள்ளவர்களுக்கே எளிது. பயிற்றுவித்தே வாழ வேண்டிய திறமையாளரை அது வெளியே நிறுத்திவிடலாம். மேடையில் உழைத்துக் களைத்த தானிக்கு இது தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு கழகம் செய்ய முடிந்ததும் கூட்டமைப்பு செய்ய முடியாததும் எது என்பதை அண்மைக்கால விதிமாற்றம் ஒன்று நன்றாகக் காட்டுகிறது. சர்வதேசக் கூட்டமைப்பு 2010இல் கால்களை நேரடியாகக் கையால் பிடித்துத் தாக்குவதைப் போட்டிகளில் தடுத்து, 2013இல் அத்தடையை முழுமையாக்கியது. எதிராளியின் ஒரு கையை இழுத்து, மறுகையால் தொடையை அணைத்து, அவரைத் தோள்களின் குறுக்கே தூக்கி இறக்கும் கட்டா குருமா இதனால் அதன் பழைய வடிவில் போட்டிகளிலிருந்து மறைந்தது. ஆனால் கானோ தொகுத்த நாகே நோ கட்டாவின் பதினைந்து எறிதல்களில் மூன்றாவது அதுவே. அந்தக் கட்டாவின் முதல் பகுதிகளைச் செய்துகாட்டாமல் கொடோகானில் முதல் டான் பெற இயலாது. ஆகவே போட்டிக்குப் பயன்படாத இந்த எறிதலை இன்றைய மாணவர் கற்றாக வேண்டும். அதற்கு மாலை மாலையாக அவர் தோள்மேல் ஏறி விழ ஒரு துணைவர் வேண்டும். அந்தத் துணைவருக்கு மதிப்பெண்ணோ பதக்கமோ இல்லை. அவரைத் தருவது கழகம்தான். 1918இல் கொய்சுமி வாடகை கொடுத்து விரித்த விரிப்பின் மேல் கூடியவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவியும் இதே வகையைச் சேர்ந்தது.